மின்சாரக் கணக்கும் பூமியின் கணக்கும்

பூமியின் வெப்பம் ஏறிவருகிறது என்பதும், நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் உண்டாகும் கரியமில வாயுவே அதற்குப் பிரதான காரணம் என்பதும் இனி விவாதத்துக்குரிய விஷயங்கள் அல்ல. காற்றில் அந்த வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் தேசத்து ரசாயன சாஸ்திரி அர்ரேனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே கையால் கணக்குப் போட்டுப் பார்த்தார்; அதன் பிறகு வந்த சாஸ்திரிகள் அந்தக் கணக்கை நுட்பமாக்கினார்களே தவிர, அதன் திசையை மாற்றவில்லை. அப்படியிருந்தும் தேசங்கள் ஆண்டுதோறும் மகாநாடு கூடி, விடிய விடிய வாதாடி, ஒரு சொல்லைச் சேர்த்தும் ஒரு சொல்லை நீக்கியும் தீர்மானம் எழுதிக்கொண்டு கலைகின்றன என்றால், அதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. எரித்ததனால் வந்த லாபத்தை யார் அடைந்தார்கள், எரிப்பதை நிறுத்துவதனால் வரும் சிரமத்தை யார் ஏற்பது என்ற பங்கீட்டுப் பிரச்சினை தீரவில்லை; அது தீராத வரையில் வேறு எதுவும் தீரப்போவதில்லை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இந்தப் பங்கீட்டுப் பிரச்சினையை ஜெனீவாவிலும் பாரிஸிலும் போய்த்தான் படிக்க வேண்டும் என்பதில்லை. ஜனங்கள் ‘ஈ.பி.’ என்று சுருக்கி வழங்கும் நம்முடைய மின்வாரியத்தின் சரித்திரத்தில், உலகம் இன்று திணறிக்கொண்டிருக்கும் கேள்விகள் ஏறக்குறைய அனைத்தும், சிறிய உருவில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நடமாடி வருகின்றன. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் பிகு, தொழிற்சாலைப் புகையால் அயலாருக்கு உண்டாகும் நஷ்டம் முதலாளியின் கணக்கில் ஏறுவதில்லையாகையால் அதை வரியாக விதித்து ஏற்றவேண்டும் என்று 1920-இல் வெளிவந்த தமது நூலில் வாதித்தார். கொள்கையளவில் அதை மறுப்பார் அநேகமாக எவரும் இல்லை. ஆனால் ஏட்டில் எளிதாக இருக்கும் அந்த வரியை, வாக்குரிமை உள்ள ஜனங்களிடம் கொண்டுபோகும்போது என்ன நேர்கிறது என்பதைப் பிகு சொல்லவில்லை. கொங்கு நாட்டுக் குடியானவர்கள் சொன்னார்கள்.

அதைச் சொல்லுமுன் சிறிது பழைய கதை அவசியம். சென்னை மாகாணத்தில் மின்சார இலாகா 1927-இல் ஏற்பட்டது; நீலகிரியில் பைக்காரா ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து 1932-இல் மின்சாரம் இறங்கிவந்தது. அது கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளுக்குக் கொடுத்த வேகத்தை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் பைக்காராவோடு சேர்ந்துகொண்டன. அணையும் குழாயும் கட்டி முடித்துவிட்டால், பிறகு பெய்யும் மழைக்கு யாரும் விலை கேட்பதில்லை. ஆகையால் 1957-இல் மின்வாரியம் தோன்றிய காலத்தில் மின்சாரம் மலிவாகவே இருந்தது. வாரியமும் கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்து, கிணறு உள்ளவர்களையெல்லாம் பம்பு செட் வைக்கும்படி ஊக்குவித்தது.

அவிநாசிக்கு அருகே என் பாட்டனார் தோட்டத்தில் கவலை ஓட்டி இறைத்ததை நான் சிறு பிராயத்தில் பார்த்திருக்கிறேன். இரண்டு எருதுகள் வடக்கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்குவதும், சால் மேலே வந்து கவிழ்ந்து நீரைக் கொட்டுவதும், எருதுகள் பின்னோக்கி ஏறுவதுமாகக் காலை முழுதும் நடந்தால், பாய்ந்திருப்பது சில பாத்திகளாகத்தான் இருக்கும். அந்த உழைப்பை ஒரு விசை பொத்தான் ஏற்றுக்கொண்ட நாளில் குடியானவன் அடைந்த விடுதலையை அனுபவிக்காதவர்கள், பிற்பாடு அந்தப் பொத்தானுக்காக அவன் ஏன் உயிரையும் கொடுத்தான் என்பதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள். உயிரைக் கொடுத்தது அலங்கார வார்த்தை அன்று. யூனிட்டுக்கு ஓரிரு பைசா சம்பந்தமாகத் தொடங்கிய கிளர்ச்சியில் 1970 ஜூன் மாதம் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்து மூன்று விவசாயிகள் மாண்டார்கள். 1972-இல் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயம்புத்தூர் நகரத்துக்குள் புகுந்து வீதிகளை அடைத்துக்கொண்டு நின்றன. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் வளர்ந்த அந்த இயக்கத்துக்கு, 1984-இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் என்றும், 1990-இல் கருணாநிதி ஆட்சி அனைத்து விவசாயிகளுக்கும் இலவசம் என்றும் விடை கொடுத்தன. 2003-இல் ஜெயலலிதா ஆட்சி மறுபடியும் கட்டணம் விதித்துப் பார்த்தது. 2004 பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஓரிடம்கூடக் கிடைக்காமல் போகவே, சில நாட்களுக்குள் அதை விலக்கிக்கொண்டது. அன்றிலிருந்து எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இந்த இலவசத்தைப் பொருளாதார பண்டிதர்கள் ஒரே வார்த்தையில் விரயம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். காவிரிப் பாசனத்துக் குடியானவருக்கு ஆற்று நீரைச் சர்க்கார் அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, வாசலில் கொண்டுவந்து விடுகிறது. அதற்கு அவர் கொடுக்கும் தீர்வை மிகவும் சொற்பம். புன்செய் நிலத்துக்காரரோ தம் கைப்பணத்தைப் போட்டுப் பாறையைத் தோண்டித் தாமே நீரைக் கண்டுபிடிக்கிறார். அவர் இலவசமாகக் கேட்டது அந்த நீரை மேலே தூக்கும் சக்தியை மட்டுமே. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நியாயமான கோரிக்கையை நிறைவேற்றிய முறையில் ஒரு பெரும் பிழை நேர்ந்தது. இலவசம் என்றதும் மீட்டரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பம்பு செட்டுகள் எவ்வளவு மின்சாரம் இழுக்கின்றன என்பது இன்று வரையில் உத்தேசக் கணக்குதான். கம்பியில் வீணாவதும், வழியில் திருடப்படுவதும், கணக்கில் விடுபடுவதும் எல்லாம் அந்த உத்தேசத்துக்குள் புகுந்து ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது. பழி மட்டும் விவசாயியின் பேரில் நின்றது.

பூமிக்கு அடியில் நடந்தது இதைவிடக் கவலைக்குரியது. நாற்பது, ஐம்பது அடிக் கிணறுகள் வற்றி, அவற்றுக்குள்ளேயே துளை இறக்கி, பிறகு தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டு, கொங்கு நாட்டின் பல பகுதிகளில் ஆயிரம் அடியைத் தொட்டு நிற்கிறார்கள். எவ்வளவு ஆழத்திலிருந்து இறைத்தாலும் மின்சாரத்துக்குச் செலவில்லை என்றால் ஆழத்துக்கு எல்லை வைப்பது துளை போடும் செலவு ஒன்றுதான். அந்தச் செலவைத் தாங்கியவருக்கு நீர் மிஞ்சியது, தாங்காதவர் நிலம் தரிசாயிற்று, கிணறே இல்லாத கூலிக்காரருக்கு இந்தத் தர்மத்தில் ஆதி முதலே நேரடிப் பங்கு கிடையாது.

வாரியத்தின் கணக்கில் ஒருவர் கொடுக்காததை மற்றொருவர் கொடுத்தாக வேண்டும். குடியானவர்களும், 2016 முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகப் பெற்றுவரும் வீட்டுக்காரர்களும் கொடுக்காத விலையின் ஒரு பகுதியை ஆலைகளும் கடைகளும் கூடுதல் கட்டணமாகக் கொடுத்துவந்தன. மீதம் அரசாங்க மானியமாகவும், அதுவும் போதாதபோது கடனாகவும் போய்ச் சேர்ந்தது. இந்த இடத்தில்தான் நம் கதை எதிர்பாராத ஒரு திருப்பத்தை அடைகிறது. அதிகக் கட்டணத்தைத் தாங்க மாட்டாத பஞ்சாலை முதலாளிகள் தப்புவதற்கு வழி தேடினார்கள். வழி ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசிக்கொண்டிருந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் இயற்கை விட்டிருக்கும் இடைவெளிகள் வழியே, வைகாசி முதல் புரட்டாசி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிப் பிதுங்கிக்கொண்டு நம் பக்கம் வருகிறது. தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 1986-இல் சோதனையாக நிறுத்தப்பட்ட காற்றாலைகளுக்குப் பிறகு, முப்பந்தலைச் சுற்றிலும் தொண்ணூறுகளில் அவை காடுபோல் எழும்பின. எழுப்பியவர்களில் பெரும்பாலோர் பூமியின் வெப்பத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் அல்லர். காற்றாலையின் கிரயம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று மத்திய சர்க்கார் சலுகை கொடுத்தது. காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகத் தன் ஆலைக்குக் கொண்டுபோகலாம் என்று மாநில சர்க்கார் இடம் கொடுத்தது. காற்றுக் காலத்தில் மிஞ்சியதை வாரியத்திடம் வங்கியில் போடுவதுபோலப் போட்டுவைத்துக் காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தது. வரிச் சலுகை ஒரு பக்கம், உயர்ந்த கட்டணத்திலிருந்து விடுதலை ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து, எந்த மகாநாட்டுத் தீர்மானமும் செய்யாத காரியத்தைச் செய்து முடித்தன. இன்று தமிழ்நாட்டில் காற்றாலைகளின் திறன் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல். நீண்ட காலம் தேசத்தில் முதலிடம் நமக்கே இருந்தது.

சுயலாபத்தைப் பொது நன்மையின் பக்கம் திருப்பிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. என்றாலும் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உற்பத்திக்கு அல்லாமல் நிறுத்தியதற்கே வரிச் சலுகை கிடைத்ததால், காற்று மந்தமாக வீசும் இடங்களிலும் இயந்திரங்கள் நின்றன. 2009-இல் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஐம்பது பைசா என்று ஊக்கத்தொகையை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் அதுவும் தேய்மானச் சலுகையும் ஒருங்கே சுருங்கியபோது, தேசம் முழுவதிலும் புதிய காற்றாலைகளின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. வாரியத்தின் நிலைமையோ இன்னும் சங்கடமானது. ஆடி மாதத்து நள்ளிரவில், தேவை குறைந்திருக்கும் நேரத்தில் வந்து குவியும் யூனிட்டைப் பெற்றுக்கொண்டு, பங்குனி வெயிலில், வெளிச் சந்தையில் அதிக விலைக்கு வாங்கவேண்டிய வேளையில், திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதோடு போகவில்லை. காற்றாலையின் மூலம் தப்பிச் சென்ற ஆலைகள் யாவை? வாரியத்துக்கு அதிகக் கட்டணம் கொடுத்து வந்த, மற்றவர்களின் சுமையைத் தாங்கி வந்த அதே ஆலைகள். 2005-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பலர் கூடி ஒரு மின் நிலையத்தின் மூலதனத்தில் 26 சதவீதம் போட்டு, உற்பத்தியில் பாதிக்குமேல் தாங்களே உபயோகித்தால் அது சொந்த உற்பத்தி என்றே கருதப்படும். அந்த வழியாகவும் பலர் போனார்கள். கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக விலக, கொடுக்காதவர்களும் கொடுக்க முடியாதவர்களும் மிஞ்சினால், மிஞ்சியவர்களுக்கு விலை ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் இன்னும் சிலர் விலகுவார்கள். சுத்தமான சக்திக்கும் ஏழைகளுக்கான சகாயத்துக்கும் இடையே எவரும் உத்தேசிக்காத ஒரு பகை இவ்வாறு உண்டாயிற்று. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காற்றுக்கும் சூரியனுக்கும் கொடுத்த உதவியை வீட்டுக்காரர்களின் பில்லில் தனி வரியாக ஏற்றி, பெரிய ஆலைகளுக்கு விலக்கு அளித்தபோது எழுந்த முணுமுணுப்பும் இதே ஜாதியைச் சேர்ந்தது. அந்த வரியை 2022-இல் அரசாங்கமே தன் கஜானாவுக்கு மாற்றிக்கொண்டது.

2008 முதல் 2013 வரையில் தமிழ்நாடு பட்ட மின்வெட்டுத் துன்பத்தை மறந்தவர்கள் இருக்க முடியாது. உச்சகட்டமான 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் வெளி மாவட்டங்களுக்குப் பத்து மணிக்கும் மேல். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும் கோவையின் சிறு பட்டறைகளும் டீசல் ஜெனரேட்டரை ஓட்டி, பல மடங்கு விலையும் கொடுத்து, வீதியெல்லாம் புகையும் பரப்பின. அந்த ஆண்டுகளிலேயே காற்றுக் காலத்தில் காற்றாலைகளை நிறுத்திவைக்கும்படியும் உத்தரவு போயிற்று. கொண்டுபோகக் கம்பி போதவில்லை, வடக்கே அனுப்பப் போதிய வழியும் இல்லை. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ராய்ச்சூர் - சோலாப்பூர் பெருங்கம்பியின் மூலம் முழுமையாக இணைந்தது 2013 டிசம்பர் 31-ஆம் தேதிதான். ஆட்சியை மாற்றியது மின்வெட்டு. அதைத் தீர்த்ததில் பெரும்பங்கு கம்பிக்கு உண்டு. ஆனால் கம்பிக்காக யாரும் வாக்குக் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

இனி நிலக்கரிக்கு வருவோம். தமிழ்நாட்டு மண்ணில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைத் தவிர வேறு கரி எடுக்கப்படுவதில்லை. ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டிய கரி, ரயிலேறி பாரதீப்புக்கு வந்து, கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து இறங்குகிறது. இந்தியக் கரியில் சாம்பல் மிகுதி. ஆகையால் கரியோடு சேர்த்து அந்தச் சாம்பலையும் இவ்வளவு தூரம் கட்டணம் கொடுத்துத்தான் கொண்டுவருகிறோம். வந்து எரிந்தபின் அது எங்கே போகிறது என்பதை அறிய வேண்டுமானால் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சாம்பல் குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் பல ஆண்டுகளாகக் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் மீனும் பிடித்துப் பிழைத்த காட்டுக்குப்பம் முதலிய ஊர்களின் ஜீவனம் சுருங்கிப்போனது பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்ற விஷயம். நமது விளக்கு எரிவதற்கு அந்த மீனவர்கள் கொடுக்கும் விலை எந்த மின் கட்டணச் சீட்டிலும் இல்லை. விவசாயிக்கு இலவசம் கொடுப்பது பெருந்தவறு என்பவர்கள், மீனவர்களிடமிருந்து நமக்கு வரும் இந்த இலவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது என் மனத்தை வருத்துகிறது.

நெய்வேலியின் கதையில் பெருமையும் துயரமும் கலந்தே இருக்கின்றன. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது தென்பட்ட கருமண், பழுப்பு நிலக்கரி என்று தெரிந்து, 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, சோவியத் உதவியுடன் 1962-இல் மின்சாரம் பிறந்தபோது, தமிழ்நாட்டுத் தொழில் வளர்ச்சிக்கே அது விளக்காக நின்றது. ஆனால் அந்தக் கரிப்படுகைக்கு அடியில் ஊற்றழுத்தத்தோடு பெரும் நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்த நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை கிடைப்பது பற்றிய வழக்கு இன்றும் தீரவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் முற்றும் முன்னே நெற்பயிருக்குள் சுரங்கத்துக்காக இயந்திரங்கள் இறங்கி வாய்க்கால் வெட்டிய காட்சியைக் கண்டு தமிழ்நாடு முழுதும் கலங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில்தான், காவிரிப் படுகையைச் சார்ந்த மூன்று நிலக்கரிப் பகுதிகளை மத்திய சர்க்கார் ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் எதிர்த்து, அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கச் செய்தன. பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-இல் சட்டம் பெற்ற பூமிக்கு ஒரு நியாயம், அதன் ஓரத்தில் ஏற்கெனவே சுரங்கம் வந்துவிட்ட பூமிக்கு வேறொரு நியாயம் என்று ஆகிவிட்டது. இரண்டிலும் விளைவது நெல்தான். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரையில் கூடியவர்களின் அச்சத்தைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அணுவில் கரியமில வாயு இல்லை என்ற உண்மை, கடற்கரையில் வாழ்பவனைக் கலந்துகொள்ளாமல் தீர்மானிக்கும் உரிமையை எவருக்கும் கொடுத்துவிடாது என்பதோடு இங்கே நிறுத்துகிறேன்.

பிகு சொன்ன வரியை இந்தியா விதிக்காமல் இல்லை. 2010-இல் டன் ஒன்றுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய நிலக்கரித் தீர்வை, படிப்படியாக உயர்ந்து 2016-இல் 400 ரூபாயாயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய எழுநூறு கிராம் கரி எரிகிறதென்று வைத்துக்கொண்டால், இது யூனிட்டுக்குக் கால் ரூபாய்க்குச் சிறிது மேல். சுத்த சக்திக்கென்று தனி நிதி ஏற்படுத்தி, அதற்காகவே இந்தப் பணம் என்று அறிவித்தார்கள். 2018 வரையில் திரண்டது சுமார் 86,000 கோடி ரூபாய். நிதிக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்குக் குறைவு. அதிலும் திட்டங்களுக்குச் செலவானது பாதியைச் சற்றே தாண்டியது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, தீர்வை அப்படியே மாநிலங்களுக்கு வருமான நஷ்டத்தை ஈடுகட்டும் வரியாகப் பெயர் மாறிற்று. 2025 செப்டம்பரில் அந்த 400 ரூபாயும் நீங்கி, கரி மீதான ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாயிற்று. எடைக்கு வரி என்பது போய் விலைக்கு வரி என்று ஆனதால், மட்டமான, சாம்பல் மிகுந்த, விலை குறைந்த கரிக்குச் சுமை இறங்கிவிட்டது. எண்ணூரின் ஆற்றைச் சுத்தம் செய்யவும், காற்றாலைக்குக் கம்பி இழுக்கவும், பம்பு செட்டுக்குச் சூரிய பலகை வைக்கவும் பயன்பட்டிருக்க வேண்டிய பணம் அது. வரியை விதிப்பது கடினம் என்கிறார்கள்; வரியை விதித்த பிறகு அது எதற்காக வாங்கப்பட்டதோ அதற்கே செலவு செய்வது அதைவிடக் கடினம் என்பதை நமது அனுபவம் காட்டுகிறது. பிரான்சில் 2018-இல் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் மேலங்கிக்காரர்கள் வீதிக்கு வந்தபோதும் அவர்கள் கேட்டது அதுதான்: எங்களிடம் வாங்குவது யாருக்குப் போகிறது?

நிலக்கரியின் அரசியலுக்கு இன்னும் ஒரு கிளை உண்டு. அதைக் கவனிப்பவர்கள் குறைவு. ரயில்வேயின் சரக்கில் எடையளவில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. அதில் வரும் லாபத்தில்தான் பிரயாணிகளின் கட்டணம் தாழ்ந்து நிற்கிறது. ஜார்க்கண்டு, ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களின் கஜானாவில் கரியின் உரிமைப் பணமும் முக்கியமான வரவு. ஆகையால் கரியைக் குறைப்பது என்றால், ஏழைப் பிரயாணியின் டிக்கெட்டிலும் ஏழை மாநிலத்தின் பள்ளிக்கூடத்திலும் கை வைப்பதாகும். 1882-இல் லண்டனில் கரியால் முதல் பொது மின் நிலையத்தை இயக்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ஆம் தேதி தன் கடைசிக் கரி நிலையத்தை மூடியது, பாராட்டத்தக்கதே. ஆனால் நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகள் எரித்துச் செல்வம் சேர்த்த பிறகு மூடுவதற்கும், சேர்ப்பதற்கு முன்னே மூடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாராட்டில் மறந்துவிடக் கூடாது.

இதைத்தான் சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல், ஏழையின் பிழைப்புக்கான புகையையும் செல்வனின் சுகத்துக்கான புகையையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது என்று எழுதினார்கள். மறு ஆண்டு ரியோ உடன்படிக்கையில், பொறுப்பு எல்லாருக்கும் பொது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற கொள்கை ஏறியது. ஓர் இந்தியன் ஆண்டில் வெளிவிடச் செய்யும் கரியமில வாயு சுமார் இரண்டு டன். அமெரிக்கனுக்கு அதைப்போல் ஏழு மடங்கு. கோபன்ஹேகன் மகாநாட்டில் 2009-இல் செல்வத் தேசத்தார், ஏழைத் தேசங்களுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020-க்குள் திரட்டித் தருவதாக வாக்களித்தார்கள். அவர்கள் கணக்குப்படியே அது நிறைவேறியது 2022-இல், அதிலும் பெரும்பகுதி கடன். கிளாஸ்கோவில் 2021-இல் கரியை ‘ஒழிப்பது’ என்ற சொல்லைக் ‘குறைப்பது’ என்று இந்தியா மாற்றியதற்காக உலகப் பத்திரிகைகள் கண்டித்தன. எண்ணெயையும் எரிவாயுவையும் அதே வாக்கியத்தில் சேர்க்காமல் விட்டவர்களை யாரும் கண்டிக்கவில்லை. முப்பந்தல் பகுதிக் காற்றாலைகளில் பல, கியோட்டோ ஏற்பாட்டின்படி புகையைக் குறைத்ததற்கான ‘கரி வரவை’ ஐரோப்பியருக்கு விற்று ஓரளவு வருமானம் பெற்றுவந்தன. 2012-க்குள் அதன் விலை அதல பாதாளத்துக்கு விழுந்ததும் அந்த வாசலும் மூடியது. இப்போது ஐரோப்பா, தன் எல்லைக்குள் வரும் இரும்பு, சிமெண்டு, அலுமினியம் முதலியவற்றுக்கு அவற்றின் கரிச் சுமைக்கு ஏற்ப 2026 முதல் விலை கேட்கிறது. நாம் இங்கே வசூலிக்காத வரியை அவர்கள் அங்கே வசூலித்துக்கொள்வார்கள். பணமும் அங்கேயே தங்கிவிடும்.

அநீதி இவ்வளவு தெளிவாக இருப்பதனால் நாம் கை கட்டியிருக்கலாமா என்றால், இருக்கலாகாது. உலகத்துக்காக அல்ல, நமக்காக. காரணம் விலை மாறிவிட்டது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தபோது வாரியம் யூனிட்டுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 7 ரூபாய் 1 பைசா. அடுத்த ஆண்டே ராஜஸ்தானில் பாட்லாவில் ஏல விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கியது. இன்று புதிதாகக் கரி நிலையம் கட்டி எடுக்கும் மின்சாரத்தைவிடப் பகல் வெயிலின் மின்சாரம் மலிவு. தடையாக நிற்பவை இரண்டு: மாலையில் வெயில் மறைந்தபின் விளக்கேற்றுவது எப்படி என்பது ஒன்று, பணம் எங்கிருந்து வரும் என்பது மற்றொன்று. முதலாவதற்குக் கடம்பாறையில் நம் பொறியாளர்கள் எண்பதுகளிலேயே விடை கண்டார்கள். மிகுதியான மின்சாரத்தால் கீழ் அணை நீரை மேல் அணைக்கு ஏற்றி, வேண்டிய வேளையில் இறக்கி, 400 மெகாவாட் எடுக்கும் அமைப்பு அது. குந்தாவிலும் அவ்வாறான 500 மெகாவாட் வேலை நடந்துவருகிறது.

இரண்டாவதுதான் கடினம். 2017-இல், மின்வாரியங்களின் கடனைச் சீரமைக்கும் உதய் திட்டத்தின்கீழ் வாரியத்தின் கடனில் 22,815 கோடி ரூபாயை மாநில அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. இருந்தும் சில ஆண்டுகளில் கடன் ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டிற்று. கடனில் மூழ்கிய வாரியம் காற்றாலைக்காரருக்கும் சூரிய நிலையத்தாருக்கும் மாதக் கணக்கில் பாக்கி வைக்கிறது; பாக்கி வைக்கும் ஸ்தாபனத்துக்கு விற்பவர்கள் அந்த அபாயத்தையும் விலையில் சேர்க்கிறார்கள். குடியானவருக்குப் போட முடியாத மீட்டர், இவ்வாறு சுற்றிவந்து, சூரிய மின்சாரத்தின் விலையையே உயர்த்துகிறது. மீட்டர் என்றதும் அடுத்து பில் வரும் என்று குடியானவர் சந்தேகிப்பது இயல்பு. பெருமாநல்லூரின் நினைவு அவ்வளவு எளிதில் மறையாது. பில் வராது என்பதைச் சட்டத்தில் எழுதி, மானியம் அவர் பெயரில் வரவு வைக்கப்பட்டு, மிச்சப்படுத்திய யூனிட்டுக்குப் பணம் அவர் கைக்கே வரும் என்று ஆனாலன்றி, அந்தச் சந்தேகத்தை நீக்க முடியாது, நீக்கும்படி கேட்கும் உரிமையும் நமக்கு இல்லை.

இன்றும் பல ஊர்களில் மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. இரவு முறை வந்தால், நள்ளிரவில் எழுந்து, பாம்பும் தேளும் திரியும் வரப்பின் மேல் விளக்கைப் பிடித்துக்கொண்டு போய், மோட்டாரைப் போட்டு, மடை திருப்பி, விடியுமட்டும் விழித்திருந்து திரும்புகிறார்கள். இரவில் ஆலைகளின் தேவை குறைவு, கரி நிலையங்களை அணைக்க முடியாது, ஆகையால் விவசாயத்துக்கு இரவு என்று ஒரு காலத்தில் வகுத்த ஏற்பாடு அது. இப்போதோ மின்சாரம் மிஞ்சுவது நடுப்பகலில். அந்த நடுப்பகல் வெயிலைப் பம்பு செட்டுக்குக் கொடுத்தால், கரியும் அவ்வளவு எரியாது, வாரியத்துக்கும் அவ்வளவு செலவாகாது. மீட்டரைப் பற்றிய பேச்சை ஒரு குடியானவரிடம் தொடங்க வேண்டுமானால், அவரை இரவில் தூங்கவிட்ட பிறகு தொடங்கலாம்.